சந்தக்பூ மலையின் முதிய வண்டிகள்

மன்னர்க்கும் போர்களுக்கும் வரலாறு எழுதினோர் பலர். கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு உண்டு. பொறிகளுக்கும் ஆலைகளுக்கும் வரலாறு எழுதும் வழக்கமும் இந்நாளில் பெருகியுள்ளது. ஆயினும் பழுது பார்ப்போர்க்கு வரலாறு எழுதுவார் அரியர். ஒரு பொறியைப் புதிதாய் ஆக்கியவன் பெயர் ஏட்டில் ஏறுகிறது. அதனை அறுபது எழுபது ஆண்டுகள் உழைக்க வைத்தவன் பெயர் அவனுடைய பட்டறைத் தெருவுக்கு அப்பால் தெரிவதில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்க எண்ணி, நாம் குடியேறி வாழும் வடவங்கத்தின் மலைமேல் இன்றும் உழைத்துவரும் முதிய வண்டிகள் சிலவற்றின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகிறேன்.

பூஜை விடுமுறையில் டார்ஜீலிங் செல்லும் நம் காலனிக் குடும்பங்கள், டைகர் மலையில் ஞாயிறு எழுவதைக் கண்டு, சிறு இரயிலில் கூம் வரை சென்று, தேயிலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். கூமிலிருந்து மேற்கே பிரியும் சாலையில் சுகியாபொக்ரியைக் கடந்து சென்றால் மானேபஞ்சன் என்னும் சிற்றூர் வரும். அது நேபாள எல்லையை ஒட்டியது. ஊரின் ஒரு பகுதியே நேபாளத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து சிங்கலீலா மலைத்தொடரின்மேல் ஏறத்தாழ 31 கிலோமீட்டர் ஏறினால் சந்தக்பூ சிகரம். அதன் உயரம் 3,636 மீட்டர். அடிக் கணக்கில் 11,929. மேற்கு வங்க மாநிலத்தில் இதைவிட உயர்ந்த இடம் வேறில்லை. வானம் தெளிந்திருக்கும் காலையில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கு பெருஞ்சிகரங்களையும் அங்கு நின்றபடியே காணலாம். உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களுள் நான்கு இவை.

இத்தகைய உயரத்துக்குப் பல பத்தாண்டுகளாக மக்களையும் பண்டங்களையும் சுமந்து சென்றவை லாண்ட் ரோவர் என்னும் பழைய ஆங்கில வண்டிகளே. அவற்றுள் பெரும்பாலானவை 1948க்கும் 1958க்கும் இடையே செய்யப்பட்டவை. அவற்றைச் செய்த ஆலை அம்மாதிரியை மறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. உதிரிப் பாகங்கள் கடையில் கிடைப்பதும் நின்றுவிட்டது. எனினும் வண்டிகள் நிற்கவில்லை. அவை நில்லாமைக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

போர்க்களத்து ஜீப்

இவ்வண்டியின் கதை மற்றொரு வண்டியிலிருந்து தொடங்குகிறது. சாதாரண மோட்டார் வண்டியில் எஞ்சினின் ஆற்றல் இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். மற்ற இரண்டும் உடன் உருளும். சேற்றிலோ மணலிலோ அவ்விரு சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிர்ந்தளிக்கும் வண்டியோ, இரண்டு வழுக்கினாலும் மற்ற இரண்டின் பிடிப்பால் முன்னேறும். இந்த அமைப்பைக் கொண்ட சிறு வண்டியொன்று தன் படைக்கு வேண்டுமென அமெரிக்க அரசு 1940இல் அறிவித்தது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரிலேயே முதல் மாதிரியை ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களும் அதனைப் பெருவாரியாகச் செய்தன. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன.

போர்முனையில் ஜீப் பெற்ற வடிவங்கள் பல. நம் இரயில்வே அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க ஒன்று உண்டு. 1944இல் வட பர்மாவில் மொகாங் முதல் மியிட்கினா வரையுள்ள இருப்புப்பாதையை நேசப்படை கைப்பற்றியபோது, ஓட்டத்தக்க நிலையில் இரயில் எஞ்சின் இல்லை. படையினர் ஜீப்பின் இரப்பர்ச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, தண்டவாளத்தில் ஓடத்தக்க விளிம்புள்ள இரும்புச் சக்கரங்களைப் பூட்டினர். ஜீப் இரயில் எஞ்சினாயிற்று. சரக்குப் பெட்டிகளை இழுத்துச் சென்றது. கையில் உள்ளதைக் கொண்டு தேவையை முடித்துக்கொள்ளும் இத்திறமையே நம் கதையின் உயிர்நாடி.

போர் ஓய்ந்தபின் மிஞ்சிய ஜீப்புகள் உலகெங்கும் விலைக்கு விடப்பட்டன. பிலிப்பைன்ஸ் மக்கள் அவற்றின் உடலை நீட்டி, கூரை அமைத்து, நிறம் தீட்டி, ஜீப்னி என்னும் பொதுப் பயண வண்டியாக்கினர். நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைத் தருவித்து, 1940களின் இறுதியில் பம்பாயில் வண்டிகளைப் பூட்டத் தொடங்கினர். வேல்சின் ஆங்கில்சி தீவிலிருந்த பண்ணையொன்றிலும் அத்தகைய பழைய ஜீப் ஒன்று உழைத்துவந்தது. பண்ணைக்குரியவர் மாரிஸ் வில்க்ஸ். அவர் ரோவர் மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். அவருடைய தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸ் அந்நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர்.

பழுதிலிருந்து பிறந்த வண்டி

அந்த ஜீப் அடிக்கடி பழுதுற்றது. பாகம் கிடைப்பது அரிதாயிற்று. இது முற்றும் தேய்ந்துவிட்டால் இதற்கு ஈடாக வேறு எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. ஈடான வண்டி எதுவும் இங்கிலாந்தில் இல்லை. இல்லையென்றால் நாமே செய்வோம் என்று துணிந்தனர் உடன்பிறந்தார் இருவரும். 1947இல் உருவான முதல் மாதிரி, ஜீப்பின் அடிச்சட்டத்தின்மேல் ரோவர் எஞ்சினை ஏற்றிச் செய்ததேயாகும். சுக்கான் சக்கரம் அதில் நட்டநடுவே இருந்தது. ஆகவே லாண்ட் ரோவர் என்னும் புகழ்பெற்ற வண்டியின் மூதாதை, பழைய நான்கு சக்கர இயக்க வண்டியொன்றை மாற்றியமைத்ததால் கிடைத்தது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். இதன் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் லாண்ட் ரோவர் உலகின் முன் வந்து நின்றது. விலை 450 பவுன். அக்காலத்து இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில் இருந்தது. விமானத் தொழிலுக்கென இருந்த அலுமினியமோ தாராளமாகக் கிடைத்தது. ஆதலால் வண்டியின் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் அமைத்தனர். அச்சுவார்ப்புக்குச் செலவிடப் பொருள் இல்லாமையால், வளைவு நெளிவு மிகுதியின்றித் தட்டையான தகடுகளையே மடித்துப் பூட்டினர். அடிச்சட்டத்தையும் தட்டையான எஃகுத் துண்டுகளைப் பெட்டிபோல் இணைத்துப் பற்றவைத்தே செய்தனர். வறுமை காரணமாக மேற்கொண்ட இவ்வெளிய முறையே பிற்காலத்தில் வண்டிக்கு நீண்ட ஆயுளைத் தந்தது. சுத்தியலும் பற்றவைக்கும் கருவியும் உள்ள எந்தச் சிற்றூர்ப் பட்டறையும், இவ்வண்டியின் எந்தப் பகுதியையும் மீண்டும் செய்துவிடலாம்.

ஓரிரு ஆண்டுகள் விற்று அன்னியச் செலாவணி ஈட்டினால் போதும் என்றே ரோவர் நிறுவனம் முதலில் கருதியது. நிகழ்ந்தது வேறு. வண்டி உலகெங்கும் பரவியது. முதலில் 80 அங்குலமாக இருந்த முன் பின் சக்கர இடைவெளி 1954இல் 86 அங்குலமாகவும், 1956இல் 88 அங்குலமாகவும் வளர்ந்தது. 1957இல் டீசல் எஞ்சினும் வந்தது. 1958இல் இரண்டாம் வரிசை வண்டிகள் தோன்ற, முதல் வரிசையின் காலம் முடிந்தது. அம்முதல் வரிசையைச் சேர்ந்தவையே மானேபஞ்சன் வண்டிகளுள் பெரும்பாலானவை.

மலைக்கு வந்த கதை

டார்ஜீலிங் மலைத் தேயிலைத் தோட்டங்களின் ஆங்கிலேய நிர்வாகிகளோடு இவ்வண்டிகள் இங்கு வந்தன. செங்குத்தான தோட்டப் பாதைகளில் மேற்பார்வைக்குச் செல்ல இவை பெரிதும் பயன்பட்டன. பின்னர் அவர்கள் தாயகம் திரும்பத் திரும்ப, வண்டிகள் உள்ளூர் மக்கள் கைக்கு மாறின. துரைமார் விட்டுச் சென்ற வண்டியை வாங்கிய நேபாளி மொழி பேசும் மலைமக்கள், அதனைத் தம் பிழைப்புக்குரிய முதலாக்கினர்.

மானேபஞ்சனிலிருந்து சித்ரே, மேக்மா, டோங்லு, கைரிபாஸ், காலிபொக்ரி வழியாகச் சந்தக்பூவுக்குச் சென்ற பழைய பாதையைச் சாலை என்று சொல்லுவதே மிகை. உருண்டைக் கற்களும் பாறைத் துண்டுகளும் பரப்பிய ஏற்றம் அது. ஒரு கொண்டையூசி வளைவை ஒரே வீச்சில் திரும்ப இயலாமல், பாதி ஏறி நின்று, பின்வாங்கி, மீண்டும் ஏற வேண்டிய இடங்கள் பல. 31 கிலோமீட்டர் தொலைவுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடித்தது. மழைக்காலத்தில் சேறு, குளிர்காலத்தில் பனி. அப்பாதையில் மற்ற வண்டிகள் திணற, லாண்ட் ரோவர் ஏறியது. மலையுச்சிச் சிற்றூர்களுக்கு அரிசியும் பருப்பும் அடுப்பெரிக்கும் வாயு உருளையும் சென்றது அதனால். நோயாளி கீழே இறங்கியது அதனால். மலைப்பயணிகள் சிகரம் கண்டதும் அதனால்.

இத்தகைய வண்டிகள் நாற்பதுக்கு மேற்பட்டவை மானேபஞ்சனில் இருந்தன. 2018இல் லாண்ட் ரோவர் பிறந்த 70ஆம் ஆண்டைக் கொண்டாடிய அந்நிறுவனம், இவ்வூருக்கு வந்து இவ்வண்டிகளைப் படம்பிடித்து உலகுக்குக் காட்டியது. அந்நிறுவனம் 2008 முதல் நம் நாட்டு டாட்டா நிறுவனத்தாரின் உடைமை என்பதும், பழைய வடிவத்தின் வழிவந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் நாள் சாலிஹல் ஆலையிலிருந்து வெளிவந்ததோடு அவ்வரிசை முடிந்தது என்பதும் இங்குக் குறிப்பிடத்தக்கவை. தாய் ஆலையில் வரிசை முடிந்த பின்னும் மலையில் ஓட்டம் முடியவில்லை.

பழுது பார்த்தலும் மாற்றியமைத்தலும்

இனி, இவற்றை ஓட வைத்த வித்தையைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவது எஞ்சின். லாண்ட் ரோவரின் பழைய எஞ்சின் பெட்ரோலில் ஓடியது. முதலில் 1.6 லிட்டரும் பின்னர் 2 லிட்டரும் கொள்ளளவு உடையது. சமவெளியில் அது போதுமானது. மலையிலோ இரண்டு இடையூறுகள் நேர்ந்தன. சந்தக்பூவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். காற்று மெலிய மெலிய, கார்புரேட்டரில் பெட்ரோலின் பங்கு மிகுந்து, கலவை கெட்டு, எஞ்சின் சோர்ந்துவிடும். அடுத்து, சிங்கலீலாவின் மூடுபனி. பெட்ரோல் எஞ்சின் மின்பொறியால் எரிவது. மின்கம்பிகளிலும் பொறிமுனைகளிலும் ஈரம் படிந்தால் எஞ்சின் கிளம்பாது.

டீசல் எஞ்சினுக்கு மின்பொறி வேண்டுவதில்லை. காற்றை மிக நெருக்கிச் சூடாக்கி, அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். மெல்லச் சுழலும்போதே மிகுந்த இழுவை தருவது அதன் மற்றொரு சிறப்பு. டீசல் பெட்ரோலைவிட மிகவும் மலிவாக விற்ற ஆண்டுகளில் சிக்கனமும் அதன் பக்கமே இருந்தது. எனவே பழைய எஞ்சின் தேய்ந்து, அதன் பாகமும் கிடைக்காத நிலை வந்தபோது, மானேபஞ்சன் வண்டிக்காரர் பலர் நம் நாட்டு மகிந்திரா ஜீப்பின் டீசல் எஞ்சினை எடுத்து லாண்ட் ரோவரில் பொருத்தினர். ஜீப்பைப் பின்பற்றிப் பிறந்த வண்டிக்கு, முதுமையில் ஜீப்பின் வழிவந்த எஞ்சினே உயிர் தந்தது.

இதைச் சொல்வது எளிது, செய்வது அரிது. புதிய எஞ்சினின் தாங்கிகள் பழைய சட்டத்தின் துளைகளோடு பொருந்தா. பழையவற்றை அறுத்துவிட்டுப் புதிய தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். எஞ்சினின் பின்முகமும் கியர்ப் பெட்டியின் முன்முகமும் ஒன்றோடொன்று சேரா. இரண்டுக்கும் இடையே கனத்த எஃகுத் தகடொன்றை அளவாக வெட்டி, ஒருபுறம் ஒன்றுக்கும் மறுபுறம் மற்றொன்றுக்கும் துளையிட்டு இணைக்க வேண்டும். எஞ்சினின் தண்டும் கியர்ப் பெட்டியின் தண்டும் இம்மியும் பிசகாமல் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை தவறினாலும் கிளட்சு அதிரும். தாங்குருளைகள் சில மாதங்களில் தூளாகும். டீசல் எஞ்சின் கனமானது. ஆகவே முன்புற ஸ்பிரிங்குகளில் பட்டை ஒன்றைக் கூட்ட வேண்டும். பொறியியல் கல்லூரியின் வாயிலை மிதியாத பட்டறைக்காரர், கடைசல் எந்திரத்தையும் அளவுகோலையும் தம் விரல் நுனியையும் நம்பி இதனைச் செய்கின்றனர்.

இரண்டாவது மரையாணிகள். முதல் வரிசை லாண்ட் ரோவரின் ஆணிகள் பெரும்பாலும் பழைய ஆங்கில அளவைச் சேர்ந்தவை. அவற்றின் மரை 55 பாகைக் கோணத்தில் வெட்டப்பட்டது. இந்நாளைய மெட்ரிக் ஆணியின் மரையோ 60 பாகை. ஒன்றில் மற்றொன்றைத் திருகினால் இரண்டு சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். வலிந்து திருகினால் இரண்டும் பாழ். நம் இரயில்வேப் பணிமனைகளில் பழைய நீராவி எஞ்சின்களோடு பழகிய முதியோர் இந்தத் தொல்லையை நன்கறிவர். ஒரே வண்டியில் ஆங்கில அளவும் மெட்ரிக் அளவும் கலந்துவிட்ட பிறகு, எந்த ஆணி எந்த இனம் என்பது பழுது பார்ப்பவர் நினைவிலேயே வாழ்கிறது. அதற்கு ஏடு இல்லை.

மூன்றாவது அச்சும் பற்சக்கரங்களும். லாண்ட் ரோவரின் பின் அச்சுத் தண்டு முறிவது உலகறிந்த குறை. ஆயினும் கற்களிடையே சக்கரம் அகப்பட்டுக்கொள்ளும்போது, விலை மிக்க பற்சக்கரங்களுக்கு முன்பாகத் தண்டு முறிந்து அவற்றைக் காத்துவிடுவதும் உண்டு. வழியிலேயே முறிந்த தண்டை உருவி எடுத்துவிட்டு, முன் சக்கரங்களின் இழுவையால் ஊர் திரும்ப நான்கு சக்கர இயக்கம் உதவுகிறது. இவ்வண்டியில் கியர்ப் பெட்டியோடு துணைப்பெட்டி ஒன்றும் உண்டு. அதன் தாழ்ந்த நிலையில் வண்டி நடைவேகத்தில் செல்லும், இழுவை பன்மடங்காகும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் பெருமை விளங்கும். 31 கிலோமீட்டர் இறக்கத்தையும் பிரேக்கை மிதித்தே இறங்கினால் அது காய்ந்து பிடிப்பிழக்கும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்த, ஓட்டுநர் பிரேக்கை ஆபத்துக்கென வைத்துக்கொள்கிறார்.

நான்காவது சட்டமும் உடலும். அலுமினியத் தகட்டில் துரு ஏறாது. எஃகுச் சட்டத்தில் ஏறும். பெட்டிபோல் அமைந்த சட்டத்தின் உள்ளே நீர் புகுந்து, வெளியே தெரியாமல் அரித்துவிடும். அலுமினியமும் எஃகும் ஈரத்தோடு கூடிய இடங்களில், எஃகைத் தொடும் அலுமினியமும் பொடிந்து போகும். எனவே அரித்த பகுதியை அறுத்தெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது இவ்வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நிகழும் சடங்கு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சட்டத்தின் பெரும்பகுதி புதியதாகிவிடும். பயணிகளுக்கென இருக்கை கூடுதல், மழைக்குக் கூரை, குளிருக்குக் கதவு, கூரைமேல் சுமை கட்டக் கம்பிச் சட்டம் எனத் தேவைக்கேற்ப உடலும் மாறிவிட்டது.

‘ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி வழங்கும். மேலோட்டமாகக் காண்போர் இவ்வேலையை அவ்வாறு எண்ணலாம். உண்மை அதுவன்று. ஏனோதானோ என்று செய்த வேலை, பாதாளப் பள்ளம் ஒருபுறமும் பாறை ஒருபுறமும் உள்ள பாதையில் ஒரு பருவம்கூடத் தாங்காது. ஓட்டுநரே வண்டியின் உடைமையாளர். அவரே பெரும்பாலும் அதன் பழுதையும் பார்ப்பவர். வண்டி உருண்டால் முதலில் உருள்பவரும் அவரே. இவ்வித்தையின் தரத்துக்கு இதைவிடப் பெரிய காவல் வேறென்ன?

சட்டத்தின் கண்ணில்

இத்தனை பெருமை வாய்ந்த வண்டிகளைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. 2019 ஜனவரி 9ஆம் நாள் உச்சநீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. செய்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைத்தல் மோட்டார் வண்டிச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். மாற்றியமைத்த வண்டிகளால் நேரும் விபத்துகளை எண்ணினால், இதன் நோக்கத்தைக் குறைகூற இயலாது.

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வகுத்தது. முதற்பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த வண்டிகள் அப்பெருமைக்கு உரியவை. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்தாண்டு கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யாமல் தொன்மை வடிவிலேயே இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கண்காட்சி, அணிவகுப்பு முதலியவற்றுக்கன்றி அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது என்பது மற்றொன்று.

மானேபஞ்சன் வண்டியை இவ்விதியின் முன் நிறுத்திப் பாருங்கள். அகவை அறுபதைக் கடந்தது; ஆகவே வயதுத் தகுதி உண்டு. எஞ்சின் மாறியது, ஆகவே தொன்மை இல்லை. கூலிக்கு உழைக்கிறது; ஆகவே பழம்பொருள் அன்று. செல்வர் ஒருவர் மாளிகைக் கொட்டகையில் துணி போர்த்தி உறங்கும் வண்டிக்கு உள்ள மதிப்பு, ஏழை ஒருவர் குடும்பத்தை ஐம்பது ஆண்டு காத்த வண்டிக்கு இல்லாமற் போகிறது. மறுபுறம், 15 ஆண்டு கடந்த வண்டிகளின் தகுதிச் சான்றுக் கட்டணங்கள் 2022 ஏப்ரல் முதல் பெரிதும் உயர்ந்தன. பழைய வண்டிகளை உடைத்து உலோகமாக்கும் கொள்கையும் நடைமுறைக்கு வந்தது.

பாதையும் மாறிவருகிறது. சந்தக்பூப் பாதையின் பல பகுதிகளில் சிமெந்துச் சாலை அமைந்துவிட்டது. முன்பு தொடவும் அஞ்சிய புதிய வண்டிகள் இப்போது ஏறுகின்றன. பயணிகளும் மெத்தென்ற இருக்கையையே நாடுகின்றனர். சாலை வந்ததால் மலைமக்களுக்கு நன்மையே. நோயாளி விரைவில் மருத்துவமனை சேர்வதை வேண்டாமென்று யார் சொல்வார்? ஆயினும் சாலை இல்லாத காலத்தில் சாலையாக நின்ற வண்டிகள், அது வந்ததும் வழிவிட நேர்ந்திருக்கிறது.

சிறு இரயில் காட்டும் வழி

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு இதே மலையில் உள்ளது. 1881இல் சிலிகுரியிலிருந்து டார்ஜீலிங் வரை முழுதும் திறக்கப்பட்ட சிறு இரயில்பாதையை யுனெஸ்கோ 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதன் பி வகுப்பு நீராவி எஞ்சின்கள் 1889 முதல் 1925 வரை செய்யப்பட்டவை. அவற்றுள் மூன்றை, மலைமேலுள்ள தின்தாரியாப் பணிமனையே உருவாக்கியது. நூறாண்டு கடந்தும் ஓடும் எஞ்சினில் கொதிகலன் முதல் ஆணி வரை மாறாத பாகம் எத்தனை இருக்கும்? தேய்ந்தது மாற்றப்பட்டது, உடைந்தது வார்க்கப்பட்டது. அதனால் அதன் பெருமை குன்றியதாக எவரும் கூறவில்லை. ஓடுவதாலேயே அது போற்றப்படுகிறது. 2005இல் அதே சிறப்பைப் பெற்ற நம் நீலகிரி மலை இரயிலுக்கு, திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையார் பழைய மாதிரியிலேயே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து தந்ததையும் நாம் அறிவோம். இரயிலுக்குப் பொருந்தும் நீதி அதே மலையில் ஓடும் மோட்டாருக்கும் பொருந்த வேண்டும் அன்றோ?

எனவே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வழி வேண்டும். பிரேக்கு, சுக்கான், சட்டம் ஆகியவற்றைத் தக்க அதிகாரிகள் ஆண்டுதோறும் கடுமையாகச் சோதிக்கட்டும். குறையுள்ளதை நிறுத்தட்டும். தேறியதை, உழைக்கும் பாரம்பரிய வண்டி என்று ஏற்று, குறிப்பிட்ட பாதையில் ஓட உரிமை தரட்டும். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. எந்த எஞ்சின் எத்தகட்டால் எக்கியர்ப் பெட்டியோடு இணைந்தது, எந்த ஆணி எந்த மரை என்ற அறிவெல்லாம் சில முதியோர் நெஞ்சில் மட்டுமே உள்ளது. அவர்கள் இருக்கும்போதே அதனை எழுதி வைத்தல் வேண்டும். வண்டி அழிந்தால் மற்றொன்று செய்யலாம்; வித்தை அழிந்தால் மீளாது.

ஆங்கில்சிப் பண்ணையில் ஒரு ஜீப் பழுதுறாது இருந்திருந்தால் லாண்ட் ரோவர் பிறந்திராது. மானேபஞ்சனில் ஒரு பட்டறை இல்லாதிருந்தால் அது இத்தனை காலம் வாழ்ந்திராது. பிறப்பித்தவர் இருவரை உலகம் அறியும். வாழ்வித்தவர் பலரை நாமேனும் அறிவோம். அடுத்த விடுமுறையில் டார்ஜீலிங் செல்லும் அன்பர்கள் கூமோடு திரும்பாது, மானேபஞ்சன் வரை சென்று, நம் பிள்ளைகளுக்கு அவ்வண்டிகளையும், அவற்றின் அடியில் எண்ணெய்க் கையோடு படுத்திருக்கும் மனிதரையும் காட்டி வருவார்களாக. ஆக்கியோர்க்குச் செய்யும் வணக்கத்தில் ஒரு பங்கேனும் காத்தோர்க்கும் உரியது.